ஆடு எண்ணுவதுதான் உண்மையான வேலை: அமெரிக்காவின் முதல் தலைமுறை ரேஞ்சர்கள்

டென்வர்வாசி:
போன கோடையில் கொலராடோ மலைப்பக்கம் குடும்பத்தோடு போனபோது ஒரு செம்மறி மந்தை ரோட்டைக் கடந்தது. ஆயிரத்துக்குக் குறையாது. கால் மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். பின்னால் குதிரையில் வந்த மேய்ப்பர் பெரு நாட்டுக்காரர், எனக்குத் தெரிந்த நாலு ஸ்பானிஷ் வார்த்தையில் கேட்டபோது, மேலே தேசிய வனத்துக்குள் மேய்ச்சலுக்குப் போவதாகச் சொன்னார், அனுமதிச்சீட்டு முதலாளி பெயரில் இருக்கிறதாம். வனத்துக்குள் ஆடா என்று எனக்கு ஆச்சரியம். அதிலிருந்து ஆரம்பித்து, இந்த மேய்ச்சல் ஏற்பாடு எப்படி வந்தது என்று கிடைக்கிற நேரத்திலெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ரேஞ்சர் என்றால் நம் மனசில் தீயணைப்பவர், மரம் வெட்டுபவரைப் பிடிப்பவர் என்றுதான் ஒரு படம் இருக்கும். 1905 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே காடுகள் உள்துறையிலிருந்து வேளாண்துறைக்கு மாறி, கிஃபோர்ட் பின்ஷோ தலைமையில் வனச்சேவை ஆரம்பமானது. அப்போது மேற்கு மாநிலங்களில் வேலைக்குச் சேர்ந்த ரேஞ்சருக்கு மரத்தைவிட மாடும் ஆடும்தான் தலைவலி. அந்த மலைப் புல்வெளிகளில் அதுவரை கேட்பாரே இல்லை. முதலில் போனவன் மேய்த்தான், பின்னால் வந்தவனுக்கு மண்தான் மிச்சம், அதனால் எல்லாரும் முந்தப் பார்த்தார்கள், பனி உருகி முடிவதற்குள் மந்தையை மேலே ஏற்றிவிடுவார்கள், புல் தலையெடுக்கவே விடமாட்டார்கள். இயற்கைப் பாதுகாப்புக்காக எழுதிய ஜான் மியூர் செம்மறிகளைக் குளம்பு முளைத்த வெட்டுக்கிளிகள் என்று திட்டியது இதைப் பார்த்துத்தான்.

இந்த இடத்துக்கு ஒரு ஆளை, சொந்தக் குதிரையோடு, மாதம் 60, 75 டாலர் சம்பளத்துக்கு அனுப்பி, இன்னார் இத்தனை தலை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று சொல்ல வைத்தார்கள். குதிரைக்குத் தீவனமும் அவன் செலவுதான். அவன் பொறுப்பில் இருந்தது லட்சக்கணக்கான ஏக்கர்.

வேலைக்கு எடுக்கிற பரீட்சையே தமாஷாக இருக்கும். எழுத்துத் தேர்வு ஒரு பக்கம், மறுபக்கம் குதிரைக்குச் சேணம் கட்டி ஏறிக் காட்ட வேண்டும், பொதி குதிரையில் மூட்டையை வைத்து 'டயமண்ட் ஹிட்ச்' என்கிற முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும், திசைகாட்டியை வைத்து நேர்கோட்டில் நடந்து தூரம் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் அடங்குகிற சின்னக் கையேடு ஒன்று கொடுத்தார்கள், 'யூஸ் புக்' என்பார்கள். காற்றாட லேசான வேலை தேடும் நோயாளிகள் விண்ணப்பிக்க வேண்டாம் என்ற கருத்து அதிலேயே இருந்தது! கூடவே, எல்லாத் தரப்பு மனிதர்களிடமும் பக்குவமாகப் பேசத் தெரிய வேண்டும் என்றும் இருந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் மொத்த வேலையும்.

1906 ஜனவரியிலிருந்து கட்டணம். கோடைக்கு மட்டும் என்றால் மாட்டுக்கு 20லிருந்து 35 சென்ட், செம்மறிக்கு 5லிருந்து 8 சென்ட். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குக் காசில்லை. அதுவரை இலவசமாக மேய்ந்த இடத்துக்கு ஒருவன் வந்து காசு கேட்டால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அதுவும் கேட்பவன் பெரும்பாலும் அதே ஊர்க்காரன், மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன்.

யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் பேசலாம்.

கிடைக்காரன்:
அண்ணே, ஆர்வம் இல்லாமலா! எங்கள் தாத்தா கீதாரி, ஊர் ஊராக ஆட்டை ஓட்டிப் போய் மேய்ப்பவர். ராமநாதபுரத்திலிருந்து கிளம்பினால் தஞ்சாவூர் வரைக்கும் ஆட்டோடு நடந்து போய் அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு வருவார்கள். எனக்கு ஒரே கேள்வி. 1,500 ஆட்டை எப்படி எண்ணினான் அந்த ரேஞ்சர்? எங்கள் ஆட்கள் பட்டியில் அடைத்துவிட்டுச் சோடி சோடியாகத்தான் விரட்டி எண்ணுவார்கள், அதுவும் சொந்த ஆடு, ஒவ்வொன்றின் முகமும் தெரியும். தெரியாத ஆடு, மேய்ப்பவன் பொய் சொல்ல நினைக்கிறான், அங்கே எண்ணுவது சாதாரணக் காரியம் இல்லை.

டென்வர்வாசி:
@கிடைக்காரன் நான் எதிர்பார்த்த கேள்வி. நீங்கள் சொன்ன அதே வழிதான். மந்தையைக் கட்டைகளோ செடிகளோ போட்டுக் குறுக்கிய ஒரு சந்து வழியாக ஓடவிட்டு, ஒரு பக்கம் ரேஞ்சர், மறுபக்கம் ஆட்டுக்காரர் நின்று எண்ணுவார்கள். இரண்டு இரண்டாகவோ மூன்று மூன்றாகவோ. நூறு ஆனதும் ஒரு கூழாங்கல்லைப் பையில் போடுவார்கள், அல்லது கயிற்றில் ஒரு முடிச்சு. முடிவில் இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி ஓட்ட வேண்டியதுதான், தூசியும் வெயிலும் குலைக்கிற நாயுமாக. மந்தையில் நூற்றுக்கு ஒன்று என்று கறுப்பு ஆடு விடுவது அங்கே வழக்கம், கறுப்பெல்லாம் கண்ணில் பட்டால் மந்தை சிதறவில்லை என்று மேய்ப்பர் நிம்மதியாகத் தூங்குவார். ரேஞ்சரும் தூரத்திலிருந்தே கறுப்பை எண்ணிப் பார்த்து ஒரு குத்துமதிப்புக்கு வரலாம்.

இதில் இன்னொரு விஷயம். 1,200க்கு அனுமதி வாங்கிக்கொண்டு 1,500 கொண்டுவந்தால் ஆட்டுக்காரருக்கு மிச்சம் 300 தலைக்கு 5 சென்ட், அதாவது 15 டாலர். ரேஞ்சரின் ஒரு வாரச் சம்பளத்தை ஒட்டி வரும். ஆட்டு முதலாளிக்கு அது பெரிய காசே இல்லை. அப்புறம் ஏன் பொய் சொன்னார்கள்? எனக்குத் தோன்றுவது, காசு கொடுக்க அவர்களுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை, ஆட்டைக் குறைக்கச் சொன்னதுதான் பிடிக்கவில்லை. தன் மந்தை எத்தனை என்பதைத் தானேதான் முடிவு செய்வேன் என்கிற ரோஷம் அது.

கிடைக்காரன்:
அந்த ரோஷம் எனக்குத் தெரியும் :) எங்கள் தாத்தாவிடம் எத்தனை ஆடு என்று யார் கேட்டாலும் சரியான எண்ணைச் சொல்லமாட்டார், கண் பட்டுவிடுமாம்.

ராத்திரி எங்கே தங்குவார்கள்? கிடை உண்டா அங்கே?

டென்வர்வாசி:
உண்டு, ஆனால் நேர் எதிர். உங்கள் பக்கம் கிடை போட வயல்காரர் காசு கொடுப்பார், புழுக்கை உரமாகும் என்று. அங்கே மலைப் புல்வெளியில் ஒரே இடத்தில் தொடர்ந்து ஆறு ராத்திரிக்கு மேல் தங்கக் கூடாது என்று விதி, குட்டி போடும் காலம் மட்டும் விலக்கு. ஓடை, ஊற்று இருந்தால் 500 கெஜம் தள்ளித்தான் தங்க வேண்டும். ஒரே இடத்தில் ஆயிரம் ஆடு பத்து நாள் படுத்தால் அந்த இடம் மொட்டையாகி, அடுத்த மழையில் மண் கரைந்து ஓடைக்குப் போய்விடும். மேய்ப்பர்களுக்கோ பழகிய இடத்திலேயே தங்குவதுதான் வசதி, கூடாரத்தைத் தினமும் யார் பிரித்துக் கட்டுவது? ஆக ரேஞ்சர் மலை ஏறிப் போய், புழுக்கையின் ஈரத்தைப் பார்த்து எத்தனை நாள் தங்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவார்.

மாட்டுக்காரர்களோடு வேறு மாதிரி மல்லுக்கட்டு. மாடு தண்ணீரை விட்டு நகராது, ஓடைக்கரையை மட்டும் மொட்டையடித்துவிட்டு மேட்டில் இருக்கிற புல்லைத் தொடாது. அதற்கு வைத்தியம் உப்பு. உப்புக் கட்டியைத் தண்ணீருக்குத் தூரமாக மேட்டில் வைத்தால் மாடு உப்பைத் தேடி மேலே ஏறும், ஏறின இடத்தில் மேயும். இன்னும் இதைத்தான் செய்கிறார்கள். அப்புறம் லார்க்ஸ்பர் என்று ஒரு நீலப்பூச் செடி, மாடு தின்றால் செத்துவிடும், ஆட்டுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகாது. அதை மண்வெட்டியால் தோண்டி எடுப்பதும் ரேஞ்சர் வேலையில் சேர்ந்தது. இது போக வேலி, பாலம், மரத்துக்கு மரம் ஒற்றைக் கம்பி இழுத்துத் தொலைபேசி, தினமும் நாட்குறிப்பு வேறு.

வழக்குவண்டு:
சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லையே, நான் தொடுகிறேன்.

ஆரம்ப வருடங்களில் ரேஞ்சர் ஒரு விதியைச் சொன்னால் அது செல்லுமா என்பதே சந்தேகம். கலிஃபோர்னியாவில் சியரா வனக் காப்பகத்துக்குள் (தேசிய வனத்துக்குப் பழைய பெயர்) அனுமதியில்லாமல் ஆடு மேய்த்ததாக கிரிமோ, கராஜு என்று இரண்டு பேர் மேல் வழக்கு. அவர்கள் தரப்பு வாதம்: குற்றம் எது என்பதைக் காங்கிரஸ்தான் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) சொல்ல வேண்டும், ஒரு துறைச் செயலர் விதி போட்டு என்னை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. உச்ச நீதிமன்றத்தில் முதல் தடவை 4க்கு 4 என்று சரிபாதியாகப் பிரிந்து நின்றது. மறுபடி விசாரித்து 1911 மே மாதம் ஒருமனதாக அரசு பக்கம் தீர்ப்பு.

அதே மாதம் கொலராடோக்காரர் ஃபிரெட் லைட் வழக்கிலும் தீர்ப்பு. இவர் மாடுகளை வெளியே திறந்துவிட்டார், அவை தாமாகவே ஹோலி கிராஸ் காப்பகத்துக்குள் போயின, அங்கேதான் புல்லும் தண்ணீரும். வேலி போடாதது அரசின் தப்பு, மாநிலச் சட்டப்படி வேலி இல்லாவிட்டால் அத்துமீறல் இல்லை என்றார். மாட்டுக்காரர்கள் அவர் பின்னால் நின்றார்கள். தோற்றார்.

ஆக 1905லிருந்து 1911 வரை ஆறு வருடம் இந்த ரேஞ்சர்கள் ஓட்டை வாளியோடு கிணற்றடியில் நின்ற கதைதான். உள்ளூர் நடுவர் மன்றத்திலும் உட்கார்ந்திருப்பது மாட்டுக்காரர்தானே. பேசிப் பேசியே காரியம் சாதித்திருக்கிறார்கள். டென்வர்வாசி சொன்ன "பக்குவமாகப் பேச" என்பதற்கு அர்த்தம் இதுதான், வேறு ஆயுதமே இல்லை.

காரசாரம்:
எல்லாரும் ரேஞ்சருக்குப் பூமாலை போடுகிறீர்கள், சரி, நான் வேறு பக்கம் பேசட்டுமா?

அந்த அனுமதியில் மூன்று வகுப்பு வைத்திருந்தார்கள். 'ஏ' என்பது காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர், 'பி' என்பது நிலம் இல்லாவிட்டாலும் பல வருடமாக அங்கே மேய்த்தவர், 'சி' என்பது நாடோடி மேய்ப்பர். கடைசியில் இருப்பவருக்கு மிச்சம் மீதி இருந்தால்தான், பெரும்பாலும் இருக்காது. 'சி' யார்? கலிஃபோர்னியாவில் பாஸ்க் (ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பக்கத்து மக்கள்), பிரெஞ்சுக்காரர்கள். வழக்குவண்டு சொன்ன அந்த இரண்டு பெயரையும் திரும்பப் படியுங்கள்! நிலப்பட்டா இருக்கிறவன் குடிமகன், நடக்கிறவன் திருடன், எந்த ஊரிலும் இதே கதை. உங்கள் கீதாரித் தாத்தா அங்கே பிறந்திருந்தால் 'சி'தான் தம்பி.

நியூ மெக்சிகோவில் இன்னும் மோசம். ஸ்பானிஷ், மெக்சிகன் அரசுகள் கொடுத்த நில மானியத்தில் ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் மலைகள், அமெரிக்கா வந்த பிறகு வக்கீல்கள் கைக்கும் அரசு கைக்கும் போய், அதில் ஒரு பகுதி கார்சன் தேசிய வனமாயிற்று. தாத்தா காலத்திலிருந்து மேய்த்த மலைக்கு, வேறு மொழி பேசுகிறவனிடம் சீட்டு வாங்கு என்றால்?

இன்னொன்று, இந்த யோசனையெல்லாம் அங்கே முளைத்ததும் இல்லை. பின்ஷோவுக்கு குரு யார்? டீட்ரிஷ் பிராண்டிஸ். ஜெர்மானியர், பர்மாத் தேக்குக் காட்டில் ஆரம்பித்து 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனவர். ஓய்வு பெற்று ஜெர்மனி போன பிறகு பின்ஷோ அவரைத் தேடிப் போய்த்தான் எங்கே படிக்க வேண்டும், எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நம்மூர்க் காட்டில் வெள்ளைக்காரன் கற்ற பாடம் அங்கே போயிருக்கிறது.

வழக்குவண்டு:
@காரசாரம் பிராண்டிஸைச் சொன்னதால் சின்னத் திருத்தம். இந்தியாவில் 1878 வனச் சட்டம் வந்தபோது காடு எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது பேடன்-பவல் என்ற அதிகாரியின் கோஷ்டி. ஊர்க்காரர்களின் உரிமைக்கும் இடம் வேண்டும் என்றவர் பிராண்டிஸ், அவர் பேச்சு எடுபடவில்லை. சென்னை மாகாண அரசே அந்தச் சட்டத்தை எதிர்த்தது, பிறகு 1882இல் தனக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டது. எல்லா அதிகாரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

டென்வர்வாசி:
@காரசாரம் கார்சனைப் பற்றிச் சொன்னது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் நாடோடி மேய்ப்பர் எல்லாரும் பாவப்பட்டவர் என்பதில் எனக்குச் சந்தேகம். நடந்தவர் கூலிக்காரர், மந்தை பெரும்பாலும் தூரத்து முதலாளியுடையது. அந்த மந்தை வந்து போனால் பக்கத்தில் இருபது மாடு வைத்திருக்கிற சின்னக் குடியானவனுக்குப் புல் இல்லை. அனுமதிச்சீட்டு முறை இல்லாத இடங்களில் அதை அவர்கள் எப்படித் தீர்த்துக்கொண்டார்கள் தெரியுமா? துப்பாக்கியால். வயோமிங்கில் டென்ஸ்லீப் பக்கம் 1909 ஏப்ரலில் மாட்டுக்காரர்கள் ராத்திரியில் ஓர் ஆட்டு முகாமைத் தாக்கி மூன்று பேரைக் கொன்றார்கள். அதோடு ஒப்பிட்டால் ஏ, பி, சி எவ்வளவோ தேவலை.

அதோடு பின்ஷோ மேய்ச்சல் வேலைக்குத் தலைமையாக யாரை வைத்தார் பாருங்கள்: ஆல்பர்ட் பாட்டர், அரிசோனாவில் ஆடு வளர்த்தவர். பிறகு வில் பார்ன்ஸ், மாடு வளர்த்தவர். மேய்ப்பவன் பாஷை தெரிந்தவர்கள். கட்டணத்தில் ஒரு பங்கு, முதலில் 10 சதவீதம், 1908லிருந்து 25, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போனது. காசைக் கண்ணில் காட்டியதும் கொஞ்சம் சத்தம் அடங்கியது.

கார்சன் என்றதும் ஆல்டோ லியோபோல்ட் ஞாபகம் வருகிறார். பின்னால் சூழலியலில் பெரிய பெயர், அப்போது 25, 26 வயசுப் பையன், அந்த வனத்தின் மேற்பார்வையாளர். அவர் மணந்ததே நியூ மெக்சிகோவின் பெரிய ஆட்டுக்காரக் குடும்பத்துப் பெண்ணை, 1912 அக்டோபரில். அடுத்த ஏப்ரலில் ஹிகாரியா பகுதியில் ஒரு மேய்ச்சல் தகராறைத் தீர்த்து வைக்கத் தனியாகக் குதிரையில் போனார். திரும்பும் வழியில் ஆலங்கட்டியும் மழையும் பனியும் பிடித்துக்கொண்டன, நனைந்த படுக்கையில் ராத்திரிகள். முட்டி வீங்கி, முகம் கை எல்லாம் ஊதிப்போய் வந்து சேர்ந்தார். சிறுநீரகம் கெட்டுவிட்டது. சாவின் விளிம்புவரை போய், ஒன்றரை வருடத்துக்குக் கிட்ட வேலைக்குத் திரும்ப முடியவில்லை. ஆட்டுத் தகராறு தீர்க்கப் போனவருக்கு நடந்தது இது.

ரேஞ்சரின் மனைவிமாரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் வாரக்கணக்கில் மலையில், வீட்டில் அந்தச் சுவர்த் தொலைபேசி அடிக்கும், தீ என்று சொல்வார்கள், ஆடு தாண்டிவிட்டது என்று சொல்வார்கள், இந்த அம்மாதான் பதில் சொல்லி ஆள் அனுப்பி, வருகிறவனுக்கெல்லாம் சோறு போட்டு... சம்பளம்? ஒரு சென்ட் கிடையாது.

மேகமலைவாசி:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். தேனிப் பக்கம் மலைமாடு வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலே கூடாது என்று சொல்லி, பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் மலை அந்தச் சுருக்கிய வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு எத்தனை தலை என்று கேட்கக்கூட ஆள் வரவில்லை, நேராகக் கூடாது என்றுதான் வந்தது. எண்ண வந்தவரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

என் கேள்வி: எண்ணிக் குறைத்ததால் புல் திரும்பி வந்ததா இல்லையா?

புல்லும்பூண்டும்:
தாவரவியல் படித்தவள் என்ற முறையில் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். சில இடங்களில் வந்தது, நேரம் எடுத்தது.

யூட்டாவில் மான்டி என்று ஓர் ஊர். மேலே மலையில் ஆடு மேய்ந்து மேய்ந்து மொட்டையாகி, 1880களின் கடைசியிலிருந்து கோடை மழைக்குச் சேற்று வெள்ளம் ஊருக்குள் வர ஆரம்பித்தது. ஊர்க்காரர்களே மனுப் போட்டு, 1903இல் அது வனக் காப்பகமானது. அதாவது காரசாரம் சொல்கிற மாதிரி எல்லா இடத்திலும் மேலிருந்து திணிக்கவில்லை. மான்டி பள்ளத்தாக்கில் 1904லிருந்து ஐந்து வருடம் மேய்ச்சலை நிறுத்தினார்கள். 1909 ஆகஸ்டில் பெருமழை வந்தபோது பக்கத்து எஃப்ரயிம் பள்ளத்தாக்கில் வெள்ளம், மான்டி தப்பித்தது.

அந்த எஃப்ரயிம் பள்ளத்தாக்கின் மேலேதான் 1912இல் ஆர்தர் சாம்சன் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பித்தார். அவர் சொன்னது ரொம்ப எளிமை. புல் விதை முற்றி உதிர்கிற வரைக்கும் ஒரு பகுதியைத் தொடாதே, அதற்கப்புறம் ஆட்டை விடு, குளம்பே விதையை மண்ணுக்குள் மிதித்து நட்டுவிடும். அடுத்த வருடம் வேறு பகுதி. ஆக மேய்ச்சலை நிறுத்த வேண்டியதே இல்லை, எப்போது என்பதை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. ரேஞ்சர்களுக்கும் இது வசதி, ஆட்டுக்காரரிடம் போய் உன் மந்தையைப் பாதியாக்கு என்பதைவிட, இந்த மேட்டுக்கு ஆகஸ்டில் வா என்று சொல்வது எளிது.

அப்புறம் 1917, 18இல் போர் என்று சொல்லி மாமிசமும் கம்பளியும் வேண்டுமென்று எண்ணிக்கையை ஏற்றிவிட்டார்கள். ஏற்றியதைத் திரும்ப இறக்கப் பல வருடம் பிடித்தது.

காரசாரம்:
@புல்லும்பூண்டும் மான்டி விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஊரே மனுப் போட்டது என்றால் நான் அந்த இடத்துக்கு வாயை மூடிக்கொள்கிறேன்.

கார்சனுக்கு மூடமாட்டேன். 1966 அக்டோபரில் டிஹெரினா என்பவர் தலைமையில் மானிய நிலம் கேட்டவர்கள் அதே கார்சன் வனத்துக்குள் எக்கோ ஆம்பிதியேட்டர் என்கிற முகாமிடத்தைப் பிடித்துக்கொண்டு, வந்த ரேஞ்சர்கள் இரண்டு பேரைப் பிடித்து வைத்து, எங்கள் நிலத்தில் அத்துமீறி நுழைந்தீர்கள் என்று சொல்லி அங்கேயே விசாரணை நடத்தினார்கள். அறுபது வருடமாக ரேஞ்சர் மேய்ப்பனிடம் சொன்ன அதே குற்றச்சாட்டு, திருப்பி!

டென்வர்வாசி:
அதைப் படித்தபோது சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. அடுத்த ஜூனில் அதே கூட்டம் டியெரா அமரியா நீதிமன்றத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்தது, அது தனி இழைக்கு உரிய விஷயம், நேரம் கிடைத்தால் எழுதுகிறேன்.

கிடைக்காரன்:
எழுதுங்கள் அண்ணே. நேற்று ராத்திரி அப்பாவிடம் இந்தக் கறுப்பு ஆட்டுக் கதையைச் சொன்னேன். "நம்ம மந்தையில பாதி கறுப்பு, அந்த ரேஞ்சர் இங்க வந்தா என்னத்த எண்ணுவான்" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மேகமலைவாசி:
:) எங்கள் மாட்டில் அந்தப் பிரச்சினை இல்லை, வெள்ளைதான் அதிகம். யாராவது எண்ண வந்தால் டீ போட்டுக் கொடுக்கத் தயார்.